பட்டன் உட்கார்ந்த இடம்

என் அறுபதாவது பிறந்தநாளுக்கு என் புருஷன் ரோலண்ட் எனக்கு ஒரு மலையைத் தருவதாகச் சொல்லியிருந்தான். மூன்று வருஷமாக அதை எனக்காகத் தொடாமல் வைத்திருக்கிறான் என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் யாராவது அகப்பட்டால் அவனே உட்காரவைத்துச் சொல்லிவிடுவான்.

பிறந்தநாளன்று காலை அகப்பட்டவள் சாப்பாட்டுக்கடைப் பெண். வெள்ளிக்கிழமையே வந்து மலையடியில் ஒரு மரக்குடிலில் தங்கினோம். சனிக்கிழமை காலை அந்தக் கடையில் பேன்கேக்கும் மேப்பிள் பாகுமாக உட்கார்ந்திருந்தோம். வாசலில் எங்கள் நாய் பட்டனைக் கட்டிப்போட்டிருந்தோம்.

"எந்த மலைக்கு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ப்ரென்டிஸ்," என்றான் ரோலண்ட். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்களுக்கு அதுதான் கடைசி. நாற்பத்தெட்டாவது. இவ இடுப்பை உடைச்சுக்கிட்டா. நான் மூணு வருஷம் காத்திருந்தேன்."

அவள் காப்பிக் கூஜாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "அய்யோ, இப்படியும் ஒரு மனுஷனா! என் ஆளு நான் செருப்பு மாட்டுற வரைக்கும்கூட நிக்க மாட்டான். கொடுத்து வச்சவங்க நீங்க!"

"ஆமா, ரொம்பத்தான்," என்றேன். விளையாட்டாகச் சொன்னாலும் மனசுக்குள் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நாலாயிரம் அடியைத் தாண்டிய சிகரங்கள் நாற்பத்தெட்டு. அத்தனையையும் ஏறி முடிப்பது இங்கே ஒரு பைத்தியம். பல் டாக்டரும் ஏறுவார், அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவனும் ஏறுவான். நானும் ரோலண்டும் கல்யாணமான புதிதில் ஆரம்பித்தோம். எங்களுக்குள் ஒரே ஒரு விதி. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் புது உச்சியை மிதிக்கக் கூடாது. முன்னால் போகிறவர் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட வேண்டும். மற்றவர் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி அடியைச் சேர்ந்து வைக்க வேண்டும். பெரும்பாலும் நின்றவன் அவன்தான். என் கால் குட்டை, வாய் நீளம், ஏறும்போது பேசியே மூச்சை விட்டுவிடுவேன். மேலே போனதும் அவன் பையிலிருந்து செடார் சீஸை எடுத்து மூன்றாக வெட்டுவான். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று. இத்தனை வருஷத்தில் நாய்கள் மாறின, சீஸ் மாறவில்லை.

இத்தனை மலையில் விழாதவள் வீட்டு வாசலில் விழுந்தேன். பிப்ரவரி மாதம், குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போகும்போது பனிக்கட்டி வழுக்கியது. இடுப்பு நொறுங்கிவிட்டது. ஒரு முறை ஆபரேஷன் செய்தது சரியாகச் சேரவில்லை என்று இரண்டாவது முறையும் செய்தார்கள். அந்த வருஷம் இலையுதிர்காலம் முழுக்க ஒரு பயிற்சி இல்லத்தில், இரண்டு கம்பிகளுக்கு நடுவில், குழந்தை மாதிரி நடைபழகிக்கொண்டிருந்தேன்.

அந்த வலியை நான் வர்ணிக்கப்போவதில்லை. யாருக்காக அதைப் பொறுத்துக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்காக இல்லை. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினவள் நான். இனிமேல் உட்கார்ந்தே இரு என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பேன். ஆனால் ரோலண்ட் என் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "அவசரமே இல்ல, நடீன். ப்ரென்டிஸ் எங்கயும் ஓடிடாது. நான் காத்திட்டிருக்கேன்," என்பான். நல்ல காலும் நல்ல நெஞ்சும் உள்ள ஒரு மனுஷனை, ஒரே ஒரு சிகரம் மீதி இருக்கிறவனை, என் உடைந்த எலும்பு கட்டிப்போட்டிருக்கிறதே என்று மனசுக்குள் கூசுவேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் தினமும் காலைத் தூக்கினேன். பயிற்சி கொடுக்கிற பெண் போதும் என்று சொன்ன பிறகும் தூக்கினேன்.

மூன்று வருஷம் ஆயிற்று. போன வசந்தத்தில் சின்னச் சின்னக் குன்றுகள் ஏறினேன். கோடையில் ஏற்கெனவே ஏறிய ஒரு பெரிய மலையை மறுபடி ஏறி இறங்கினேன். செப்டம்பர் கடைசியில் என் பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தது. "இந்தத் தடவை போயிடலாம்," என்றேன். ரோலண்ட் ஒரு நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்!

பாதை ஆரம்பத்தில் ஓடையோரமாகப் போயிற்று. மேப்பிள் மரங்கள் சிவந்து கிடந்தன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டு கைத்தடியையும் ஊன்றி ஊன்றி, பேசிக்கொண்டே ஏறினேன். ரோலண்டின் அக்கா லொரெய்ன், மலையின் கிழக்குப் பக்கத்துப் பாதை வழியாகக் கேக்கோடு முன்னதாகவே உச்சிக்கு ஏறி எங்களுக்காக நிற்பதாக ஏற்பாடு. அறுபத்தெட்டு வயசில் கேக்கைச் சுமந்துகொண்டு மலை ஏறுகிற பொம்பளை அவள்.

"உங்க அக்கா பேருக்குத்தான் கேக்குன்னு சொல்றா. மேல போய்ச் சேரும்போது அது களிதான்," என்றேன்.

"களியானாலும் சாப்பிட்டுத்தான் ஆகணும். இல்லன்னா நம்மள அங்கேருந்து தள்ளி விட்டுருவா," என்றான்.

அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். ஓடையைத் தாண்டி ஒரு இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வழிகாட்டிப் பலகையைக் காற்று பிடுங்கிப் போட்டிருந்தது, கம்பம் மட்டும் நின்றது.

பட்டனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது தைரியமான நாய் இல்லை. முன் பின் போகாத பாதையில் கிளை பிரிந்தால் அங்கேயே நின்று, திரும்பி எங்கள் முகத்தைப் பார்க்கும். நாங்கள் கையைக் காட்டினால்தான் போகும். பழகின பாதையில் மட்டும் பார்க்காமல் போகும். அன்றைக்கு அது நிற்கவில்லை. வலது பக்கப் பாதையில் வாலை ஆட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது.

"பாரேன், இந்தத் துரைசாணிக்கு எங்கேருந்து வந்துது இவ்வளவு தைரியம்?" என்றேன்.

"வயசாகுதுல்ல. அலட்சியம்," என்றான் ரோலண்ட். அவனும் கம்பத்தையோ வரைபடத்தையோ பார்க்காமல் வலது பக்கம் திரும்பியிருந்தான்.

அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மேலே போகப் போக ஊசியிலை மரங்கள் குட்டையாகின. ஒரு பெரிய சரிவுப் பாறை குறுக்கே வந்தது. பார்வைக்கு உலர்ந்துதான் இருந்தது. நான் நடுவில் காலை வைக்கப்போனேன்.

"நடுவுல வேணாம். அங்க எப்பவும் தண்ணி கசியும். இடது ஓரமா வா, பிடிக்கிறதுக்கு ஒரு வேர் இருக்கும்," என்றான்.

இடது ஓரமாகப் போனேன். வேர் இருந்தது. கைகள் பட்டுப் பட்டு வழவழவென்றிருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"வேர்."

"இன்டர்நெட்ல யாரோ போட்டிருந்தாங்க," என்றான். என் முகத்தைப் பார்க்காமல் பை வாரை இறுக்கிக்கொண்டான். "இந்த மலையைப் பத்தி மூணு வருஷமாப் படிச்சுக்கிட்டே இருக்கேன்ல."

முப்பது வருஷம், முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறேன். எவன் பொய் சொல்கிறான் என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தப் பாறையில் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததை நம்ப மனசு வரவில்லை. பாவம், மூன்று வருஷமாக ஏங்கி ஏங்கி ஒவ்வொரு கல்லையும் படித்து வைத்திருக்கிறான் என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். அவனுக்காக நானே வக்கீலாகி வாதாடினேன்.

உச்சி நெருங்கியது. மரங்கள் இடுப்பளவுக்கு இறங்கின. மேலே கற்குவியல் தெரிந்தது, அதன் பக்கத்தில் லொரெய்னின் ஆரஞ்சு நிறத் தொப்பியும் தெரிந்தது. அவள் இன்னும் எங்களைப் பார்க்கவில்லை. நூறு அடி ஏறினால் போதும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரோலண்ட் விதிப்படி நின்று, எனக்காகக் கையை நீட்டினான். நானும் கையை நீட்டினேன்.

அப்போது பட்டன் பாதையை விட்டு விலகிப் போயிற்று.

வலது புறம் ஒரு ஆள் உயரப் பாறை இருந்தது. அதைச் சுற்றிப் புதருக்குள் வழி இருப்பதே எங்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். பட்டன் நேராக அதற்குள் புகுந்து மறைந்தது. கூப்பிட்டேன், வரவில்லை. பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பாறைக்குப் பின்னால் காற்று அடிக்காத ஒரு சின்ன இடம், இரண்டு பேர் உட்காரலாம். பட்டன் அங்கே பாறையைப் பார்த்து நன்றாக அமர்ந்து, வலது முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, எச்சில் ஒழுகக் காத்திருந்தது.

என் நாய் அப்படி உட்காருவது சீஸுக்காகத்தான். அதுவும் முன்பு ஒருமுறை கிடைத்த இடத்தில்தான். வீட்டில் குளிர்பெட்டி முன்னால் அப்படி உட்காரும். ஏறி முடித்த மலைக்கு மறுபடி போனால், போன தடவை எந்தக் கல்லின் மேல் சீஸ் கொடுத்தோமோ அதே கல்லின் முன்னால் போய் அப்படி உட்காரும்.

ரோலண்ட் எனக்குப் பின்னால் வந்து நின்றான். நாயைப் பார்த்தான். பையைத் தோளிலிருந்து மெதுவாகக் கழற்றினான்.

"எப்போ?" என்றேன்.

"நடீன்..."

"இன்டர்நெட்ல நாய்க்கும் படிக்கச் சொல்லிக் குடுத்தியா? எப்போன்னு கேட்டேன்."

அவன் திருதிருவென்று முழித்தான். பிறகு, "அந்த அக்டோபர்," என்றான்.

"எந்த அக்டோபர்?"

"நீ பயிற்சி இல்லத்துல இருந்தப்போ."

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அக்டோபரில் ஒரு சனி ஞாயிறு அவன் வரவில்லை. லொரெய்ன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, தகடு மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். திங்கட்கிழமை வந்தபோது உள்ளங்கை இரண்டும் கீறிக் கிடந்தது. கூரைத் தகடு கிழித்துவிட்டது என்றான். நான் கட்டிலில் படுத்தபடியே, நர்சிடம் களிம்பு கேட்டு வாங்கி, அந்தக் கைக்குப் போட்டுவிட்டேன். இந்தக் கருங்கல் கீறிய கைக்கு! "உங்க அக்காவுக்கு ஒரு ஆள் வச்சுப் பாக்கக் கூடாதா" என்று லொரெய்னை வேறு திட்டினேன். அவனும் "விடு, பாவம்" என்று வாய் கூசாமல் சொன்னான்.

"கூரைன்னு சொன்ன," என்றேன்.

"சொன்னேன்."

"நான் மருந்து போட்டுவிட்டேன்டா உனக்கு!"

அவன் பாறையில் சாய்ந்துகொண்டான். "டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்சப்புறம். வீட்டுக்குள்ள நடப்பாங்க, கடைக்குப் போவாங்க, மலையெல்லாம் மறந்துடுங்கன்னார். நான் ரெண்டு வாரம் அதை வச்சுக்கிட்டு ராத்திரி தூங்கல. அப்புறம் ஒரு நாள் பட்டனை வண்டியில ஏத்திக்கிட்டு வந்துட்டேன். ஏன்னு எனக்கே தெரியல. மேல போய் அழுதேன், நடீன். சத்தியமா. இங்க வந்து உக்காந்து அழுதேன்."

"அழுதுக்கிட்டே சீஸும் சாப்பிட்ட."

அவன் பை வாரைத் திருகினான்.

"அதாவது, நான் இனி எந்திரிக்க மாட்டேன்னு நீ முடிவு பண்ணிட்ட. என்கிட்ட மட்டும் சொல்லல."

"நீதான் எந்திரிச்சியே!" என்றான். சட்டென்று அவன் குரல் உயர்ந்துவிட்டது. "திங்கட்கிழமை நான் உன்கிட்டச் சொல்லத்தான் வந்தேன். நீ அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மொதத் தடவையா நாலடி நடந்து காட்டின. 'உன்னை ரொம்ப நாள் காக்க வைக்க மாட்டேன், ரோலி'ன்னு சொன்ன. எப்படிச் சொல்றது அப்போ? சொல்லியிருந்தா நீ அன்னைக்கே விட்டிருப்ப. அந்தப் பொய்தான் உன்னை நடக்க வச்சுது. நல்லா யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். அதில் உண்மை இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. அவன் காத்திருக்கிறான் என்று நம்பியிராவிட்டால் நான் அந்த மலையில் நின்றிருக்க மாட்டேன். ஆனால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கிய ஒவ்வொரு நாளும், அவன் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, யாருக்காக நான் இந்தப் பாடு படுகிறேன் என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தான். "வேணாம் நடீன், என் வேலை முடிஞ்சு போச்சு, உனக்கு வேணும்னா நட" என்று ஒருநாள்கூடச் சொல்லவில்லை. சரி, எனக்காகத்தான் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தேவாலயத்தில் ஊரே கூடிச் சாப்பிடும் பீன்ஸ் விருந்து நடந்தபோது, பாதிரியார் எல்லோர் முன்னாலும் அவனை எழுப்பி நிறுத்திப் பொறுமைக்கு இலக்கணம் என்று சொல்லிக் கைதட்ட வைத்தாரே, அது யாருக்காக? அன்று காலை அந்தக் கடைப் பெண்ணிடம் சொன்னது யாருக்காக?

"அந்தப் பொண்ணுகிட்டக் காலையில சொன்னியே, அதுவும் என்னை நடக்க வைக்கத்தானா?" என்று கேட்டேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டேன். அவன் பிடுங்கிக்கொள்ளவில்லை, அசடு வழிந்தான். "சொல்லிச் சொல்லி... எனக்கே நெஜம் மாதிரி ஆயிடுச்சு," என்றான்.

பட்டன் இன்னும் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. சீஸ் வர ஏன் இவ்வளவு நேரம் என்பதுதான் அதன் கவலை.

ரோலண்ட் மறுபடி கையை நீட்டினான். "வா, நடீன். இன்னும் கொஞ்சம்தான். சேர்ந்து மிதிப்போம். கீழ போய் என்னை என்ன வேணும்னாலும் பண்ணு."

அந்தக் கையைப் பார்த்தேன். எத்தனையோ உச்சியில் பிடித்த கை. பிடித்துவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பிடித்தால் அதுவும் அந்தப் பொய்யில் சேர்ந்துவிடும். நானும் அவனுக்குக் கூட்டுக் களவாணி ஆகிவிடுவேன்.

"நீதான் ஏற்கெனவே பாத்துட்டியே," என்றேன். "இங்கயே இரு. நான் போய்ட்டு வரேன்."

"தனியாவா?"

"நீ போன மாதிரி."

"நடீன், அக்கா மேல நிக்கறா. என்ன நினைப்பா?"

"அந்தக் கவலை உனக்கு எதுக்கு? காத்திருக்கறதுதான் உனக்குக் கை வந்த கலையாச்சே. உக்காரு. நான் வர வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது."

அவன் உட்கார்ந்தான். என் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் அவன் என் பேச்சைக் கேட்டதில்லை. "வா பட்டன்" என்றேன். அது என்னைப் பார்த்தது. ரோலண்டின் மடியில் இருந்த பையைப் பார்த்தது. அங்கேயே படுத்துக்கொண்டது. அதைக் குறை சொல்ல முடியாது, சீஸ் அவனிடம்தான் இருந்தது.

நான் தனியாக ஏறினேன். கடைசிச் சிகரம் முடிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு மரியாதை உண்டு. உச்சியில் இருக்கிறவர்கள் இரண்டு வரிசையாக நின்று கைத்தடிகளை மேலே தூக்கிக் குறுக்காகச் சேர்த்துப் பிடிப்பார்கள். அந்தத் தோரணத்துக்குக் கீழே குனிந்து போய் உச்சிக்கல்லைத் தொட வேண்டும். லொரெய்ன் அங்கே வந்திருந்த முன்பின் தெரியாத கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேரைப் பிடித்து அதிகாரம் பண்ணித் தோரணம் பிடிக்க வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓவென்று கத்தினார்கள்.

"இவங்கதான்! அந்த ஆளு எங்க? மூணு வருஷம் காத்திருந்தாரே, அவர்?" என்றாள் அதில் ஒரு பெண். லொரெய்ன் அதற்குள் கதை முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

"வரமாட்டார்," என்றேன்.

குனிந்து உள்ளே போனேன். மூன்று வருஷமாக நான் கனவு கண்டது இருவர் போகிற தோரணம். எனக்கு மட்டும் என்றபோது அது ரொம்ப அகலமாக இருந்தது. கல்லைத் தொட்டேன். "நாற்பத்தெட்டு" என்று கத்த வேண்டும், அதுதான் வழக்கம். வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. என் இடுப்பு, என் கால், என் மலை. அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை யாரிடம் திரும்பிச் சொல்வேனோ அந்த மனுஷன் ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தான். எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

லொரெய்ன் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு தள்ளி நிறுத்தி முகத்தைப் பார்த்தாள். "என்னடி? என் தம்பி எங்க? கால் சுளுக்கிக்கிட்டானா?"

அவளை ஓரமாக இழுத்துப் போனேன். "லொரெய்ன், ஒண்ணு கேக்கறேன். நான் ஆஸ்பத்திரியில கெடந்த வருஷம், அக்டோபர்ல ரோலி உன் வீட்டுக்கு வந்து கூரை மாத்திக் குடுத்தானா?"

"என் கூரையா?" என்றாள். "எவன் சொன்னான்? அது இன்னிக்கும் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு. மழை பெய்ஞ்சா மூணு பக்கெட் வைக்கறேன். அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு வாயே வலிச்சுப் போச்சு."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்குக் கழுத்து சிவக்கும், சிவந்தது. "திருட்டுப் பய," என்றாள். "அந்தப் பாதிரியார் கைதட்டச் சொன்னப்போ நான்தான்டி மொதல்ல எந்திரிச்சுத் தட்டினேன்! இப்ப எங்க அவன்? இரு, நான் போய்க் கேக்கறேன்."

"வேணாம். கீழ காத்திட்டிருக்கான். இருக்கட்டும்." கிழக்குப் பக்கம் பார்த்தேன். அவள் ஏறி வந்த பாதை அந்தப் பக்கமாக இறங்கிற்று. "உன் வண்டி அந்தப் பக்கம்தான நிக்குது?"

லொரெய்ன் என்னைப் பார்த்தாள். அவள் தம்பிதான், ரத்தம்தான். பிறகு கேக் பெட்டியை மூடிக் கயிற்றைக் கட்டினாள். "அவன்கிட்ட விளக்கு இருக்கா?"

"விளக்கு இருக்கு, கம்பளிச் சட்டை இருக்கு, வண்டிச் சாவி இருக்கு, சீஸ் இருக்கு. பாதையும் அத்துப்படி."

"அப்ப வா," என்றாள்.

இறங்கினோம். ஏறுவதைவிட இறங்குவதுதான் இடுப்புக்குக் கஷ்டம். லொரெய்ன் முன்னால் போய் ஒவ்வொரு கல்லிலும் நின்று கையைக் கொடுத்தாள். வழியெல்லாம் அவள் தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான்தான் பேசவில்லை. எங்கள் ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், நான் அவ்வளவு தூரம் வாயைத் திறக்கவில்லை.

அடிவாரத்தில் செல்போன் வேலை செய்யவில்லை. லொரெய்னின் வண்டியில் ஏறி, பெரிய சாலைக்கு வந்து, ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அங்கே கேக் பெட்டியைத் திறந்தோம். நான் சொன்ன மாதிரியே அது களியாகியிருந்தது. மேலே எழுதியிருந்த என் பெயரில் பாதியைக் காணோம். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து மரக்கரண்டியால் தின்றோம். நல்ல ருசி. மேப்பிள் பாகு தாராளமாக விட்டிருந்தாள்.

அப்போதுதான் என் செல்போன் உயிர் பெற்று ஒன்றன்பின் ஒன்றாக அடித்தது. எல்லாம் அவன்தான். மத்தியானத்திலிருந்து அனுப்பியிருக்கிறான். மலைமேல் அந்தப் பாறையருகில் சிக்னல் கிடைக்கும் போலிருக்கிறது. அதுவும் அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

லொரெய்ன் எட்டிப் பார்த்தாள். "என்னவாம்?"

படித்துக் காட்டினேன். "அவசரமே இல்ல, நடீன். அக்காகூடப் பேசிட்டு மெதுவா வா." அதற்கடுத்தது: "பட்டன் தூங்குது. நான் நகரல." அதற்கும் அடுத்தது: "குளிர ஆரம்பிச்சுருச்சு. பரவாயில்ல. நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாலும் சரி, நான் காத்திட்டிருக்கேன்."

"பாவம்டி. ஒரு வார்த்தை அனுப்பு. கீழ எறங்கட்டும்," என்றாள் லொரெய்ன்.

"அனுப்பறேன்," என்றேன். "கேக் முடியட்டும்."

கடைசி வரியை இன்னொரு முறை படித்தேன். அதே வார்த்தையைப் படுக்கையில் கிடந்து எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன்! அவன் அதை உண்மையாகச் சொன்னது அன்றைக்குத்தான். பெட்டியில் மிச்சமிருந்ததை வழித்து வாயில் போட்டுக்கொண்டேன்.